நாணய மதிப்புக் குறைப்பும் சுங்க வரியும்

ஒருநாள் மாலை விடுதியின் படிப்பறையில் நாளிதழைக் கையில் வைத்திருந்த நண்பர் ஒருவர், ‘ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது என்று எழுதியிருக்கின்றனர், இது நாட்டிற்கு நன்றோ, தீதோ?’ என்று எம்மை வினவினார். தமிழ் பயிலும் எமக்கு விடை கூறுதல் எளிதாயிருந்திலது. சூழ இருந்தோருள் ஒருவர், ‘வீழ்தல் எங்ஙனம் நன்றாகும்?’ என்றார். மற்றொருவர், ‘வெளிநாட்டுச் சரக்குகளுக்கெல்லாம் வரியை உயர்த்திவிட்டால் இக்குறை தீர்ந்துவிடும்’ என்றார். இவ்விரண்டு கூற்றுக்களும் நம்மிற் பலர் உள்ளத்தில் உறைவன. ஆதலின், பொருள்நூல் வல்ல ஆசிரியர்களைக் கேட்டும், நூல்நிலையத்தில் உள்ளவற்றைத் துருவியும் யாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூற விழைகின்றோம்.

சுங்கம் என்பது நம்மவர்க்குப் புதியதன்று. அரசனது பொருள்வருவாயைக் கூறுமிடத்துத் திருவள்ளுவர் அதனை ‘உல்கு’ என்னும் பெயரால் குறிக்கின்றார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மீது புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை நமக்குக் கூறும். முதற் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று பாராட்டப்பெற்றான். வரி விதித்த மன்னர் பலராக, வரி தவிர்த்தவன் ஒருவனை மக்கள் தனிப்பெயரிட்டு நினைந்தனர் என்பது கருதத்தக்கது. ஆயின் அக்காலத்துச் சுங்கம் பெரும்பாலும் அரசின் கருவூலத்தை நிரப்பவே எழுந்தது. இக்காலத்துச் சுங்கமோ கருவூலத்தை நிரப்புவதோடு அமையாது, வாணிகத்தின் போக்கையே திருப்ப எழுவது. நாணய மதிப்புக் குறைப்பும் அத்தகையதே. இவை இரண்டும் ஒரு குடும்பத்திற் பிறந்தவை எனினும் ஒரே தொழில் செய்வன அல்ல. இவ்வேறுபாட்டை முதற்கண் விளக்குவாம்.

1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் இந்திய அரசாங்கத்தார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தனர். அதற்கு முன்னர் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் ஈடாக இருந்தது, அன்றுமுதல் 7.50 ரூபாய் ஈடாயிற்று. நம் நாட்டில் 750 ரூபாய் பெறும் துணிப்பொதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னர் அதனை வாங்கும் அயல்நாட்டார் ஏறக்குறைய 157 டாலர் தரல்வேண்டும். பின்னர் 100 டாலர் தந்தாற் போதும். துணி மாறவில்லை, நெய்தவன் கூலியும் மாறவில்லை, எனினும் அயலார் கண்ணுக்கு அது மலிந்தது. இனி, அயல்நாட்டிலிருந்து வரும் 100 டாலர்ப் பொறி ஒன்றை நோக்குவோம். முன்னர் 476 ரூபாய்க்குக் கிடைத்த அப்பொறி பின்னர் 750 ரூபாய் ஆயிற்று. எனவே, நாணய மதிப்புக் குறைப்பு என்பது இறக்குமதி அனைத்தின்மீதும் விதித்த வரியும், ஏற்றுமதி அனைத்திற்கும் அளித்த ஊக்கத்தொகையும் ஒருங்கே சேர்ந்தது என்று கூறலாம். இன்ன பொருள், இன்ன வணிகர் என்று அது பாகுபாடு செய்வதில்லை.

சுங்க வரியோ அத்தகையதன்று. அஃது அரசாங்கத்தார் தெரிந்தெடுத்த பொருளின்மீது மட்டும் விழுவது. இறக்குமதியை விலையுயர்த்தும், ஏற்றுமதிக்கு யாதோர் ஊக்கமும் அளிக்காது. அளிக்காததோடு நில்லாமல் அதற்கு ஊறும் செய்யும். இஃது எங்ஙனம் எனின், கூறுவாம். பின்னலாடை செய்து வெளிநாட்டிற்கு விற்பவன் அயல்நாட்டு ஊசியும், சாயமும், பொறியும் வாங்குபவனாயின், அவற்றின்மீதுள்ள வரி அவன் அடக்கவிலையில் ஏறிவிடும். அன்றியும், வரிமதிலுக்குள் இருந்துகொண்டு உள்நாட்டில் மிகுந்த விலைக்கு விற்றல் எளிதாகும்போது, முதலுடையோர் வெளிநாட்டுச் சந்தையை நாடுதல் குறையும். இறக்குமதிக்குத் தடையிடும் வரி முடிவில் ஏற்றுமதிக்கும் தடையாகும் என்னும் இவ்வுண்மையை 1936-இல் ஏபா லெர்னர் என்னும் பொருள்நூலறிஞர் நிறுவிக் காட்டினார்.

இதுகொண்டு காப்பு வரி யாண்டும் தீதென்று முடிவு செய்தல் பொருந்தாது. 1932-இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டத்தின்வழிக் காப்பு வரி அளிக்கப்பட்டது. அப்பொழுது முப்பதைச் சற்றே கடந்த எண்ணிக்கையில் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் 130-க்கு மேற்பட்டன. கரும்பு இந்நாட்டில் விளைவது; சர்க்கரை வாங்குவோரும் இந்நாட்டில் மிகப் பலர்; இவ்விரண்டும் இருந்தமையின் அவ்வரி பயன் தந்தது. இளங்கன்றுக்கு வேலி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. மரமான பின்னும் வேலியை எடாது, அதன் செலவை ஊரார்மீது சுமத்துதலே குற்றமாம்.

நாணய மதிப்புக் குறைப்பும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்தும் ஒரே பயன் தருவதன்று. சுதந்தர இந்தியா மூன்று முறை இம்மருந்தை உண்டது. மூன்று முறையும் பயன் வேறுபட்டது. அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நிகழ்ந்தது. பிரித்தானியா தன் பவுனின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. பவுனோடு பிணைப்புண்டிருந்த நாடுகள் பலவும் அதனைப் பின்பற்றின, இந்தியாவும் பின்பற்றியது. பாக்கித்தானம் மட்டும் தன் ரூபாயைக் குறைக்க மறுத்தது. அதுகாறும் ஒத்த மதிப்பினவாயிருந்த இரு ரூபாய்களும் ஒரே இரவில் வேறாயின. பாக்கித்தானத்து 100 ரூபாய்க்கு இந்தியாவின் 144 ரூபாய் தரவேண்டும் என்பது அந்நாட்டின் கணக்கு. இந்தியா அக்கணக்கை ஏற்றிலது.

இதன் விளைவு சணல் வாணிகத்தில் பெரிதும் வெளிப்பட்டது. 1947-இல் நாடு பிரிந்தபோது சணல் ஆலைகள் யாவும் ஊக்ளி ஆற்றங்கரையை ஒட்டி இந்தியாவில் தங்கின. சணல் விளையும் நிலத்திற் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தில் அமைந்து பாக்கித்தானத்திற்கு உரியதாயிற்று. ஆலை ஒருபால், விளைவு ஒருபால், இடையே எல்லைக்கோடு. இப்பொழுது அக்கோட்டின்மீது நாணயச் சுவர் ஒன்றும் எழுந்தது. இரு நாட்டு வாணிகமும் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. இந்தப்பால் ஆலைகள் மூலப்பொருளின்றி வேலை நேரத்தைக் குறைத்தன. அந்தப்பால் உழவர் விளைத்த சணலுக்குப் பழைய வாங்குவோர் இல்லாது தவித்தனர். 1951-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே இந்தியா பாக்கித்தானத்து மாற்று வீதத்தை ஏற்றுக்கொண்டு உடன்படிக்கை செய்தது. அதற்குள் இந்தியா அசாம், மேற்கு வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய இடங்களில் தன் சணற் பயிரைப் பெருக்கத் தொடங்கிவிட்டது. பாக்கித்தானமும் தனக்கென ஆலைகளை நிறுவ முற்பட்டது. ஒருவரை ஒருவர் வேண்டியிருந்த இரு கூட்டாளிகள் ஒருவர்க்கொருவர் போட்டியாளராயினர்.

பாக்கித்தானம் மறுத்தது வெறும் செருக்கினால் என்று கூறுதல் நேர்மையாகாது. தன் சணலும் பருத்தியும் உலகம் எவ்வாற்றானும் வாங்கியே தீரவேண்டிய பொருள்கள். விலையைக் குறைத்தால் வருவாய் குறையுமே ஒழிய விற்பனை பெருகாது என்று அந்நாட்டார் கருதினர். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டு அப்பொருள்களின் விலை ஏறியபோது அவர்தம் கருத்து அவ்வளவில் மெய்ப்பட்டது. ஆயினும் போர்க்கால விலை நிலைத்து நில்லாது. 1955-இல் அந்நாடும் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் இதே நியாயத்தை மறுபுறத்திருந்து கையாண்டது. சணற் சாக்குகளை அயலார் எப்படியும் வாங்குவர் என்பதறிந்து, 1949-இல் மதிப்பைக் குறைத்தவுடன் அவற்றின்மீது ஏற்றுமதி வரியை உயர்த்தி, மலிவின் பயன் அயலார்க்குப் போகாமல் தானே கொண்டது. மலிவாக்கினால் மிகுதியாக விற்கும் பொருளா, அன்றா என்பதே முதல் வினா என்பதை இதனால் அறிகின்றோம்.

இரண்டாவது, மேலே கூறிய 1966-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அக்காலத்து நாட்டின் நிலை இரங்கத்தக்கது. 1965-இல் பாக்கித்தானத்தோடு போர் நிகழ்ந்தது, அதனையொட்டி அயல்நாட்டு உதவி நின்றது, மழையும் பொய்த்தது. 1964-65-இல் ஏறக்குறைய 89 மில்லியன் டன்னாக இருந்த உணவுதானிய விளைவு, மறு ஆண்டில் 72 மில்லியன் டன்னாக வீழ்ந்தது. அமெரிக்கக் கோதுமை ஏற்றிய கப்பல்களை எதிர்நோக்கி நாடு இருந்தது. இந்நிலையில் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரும், நிதியமைச்சர் சச்சீந்திர சௌதுரியும் மதிப்புக் குறைப்பை மேற்கொண்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசரும் இதனை உடன்பட்டிலர். உதவி தரும் நாடுகளின் வற்புறுத்தலுக்குப் பணிந்து தாயகத்தின் மானத்தை விற்றனர் என்று பலரும் பழித்தனர்.

மதிப்பைக் குறைத்தும் ஏற்றுமதி உடனே பெருகவில்லை. டாலர்க் கணக்கில் பார்த்தால் அவ்வாண்டில் சிறிது குறையவும் செய்தது. காரணங்கள் மூன்று. முதலாவது, 1966-67-இலும் மழை பொய்த்தமையால் சணல், பருத்தி, எண்ணெய் வித்து முதலிய மூலப்பொருள்கள் குறைந்தன. விலை மலிந்தும் விற்கப் பொருள் இல்லை. இரண்டாவது, ஒரு கையால் கொடுத்ததை அரசாங்கம் மறு கையால் வாங்கிக்கொண்டது. அதற்குமுன் ஏற்றுமதியாளர் பெற்றுவந்த சலுகைகள் நீக்கப்பட்டன. தேயிலை, சணற்பொருள் முதலியவற்றின்மீது ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. ஆதலால் ஏற்றுமதியாளர் கையில் உண்மையாகச் சேர்ந்த ஊக்கம், வெளியே அறிவித்த அளவினும் மிகக் குறைந்ததாயிற்று. மூன்றாவது, இறக்குமதியின்மீது வரிச்சுவரோடு உரிமச்சுவரும் இருந்தது. அரசாங்கத்தாரின் உரிமம் பெற்றாலன்றிப் பல பொருள்களை வரவழைக்க இயலாது. சில கட்டுகள் அப்பொழுது தளர்த்தப்பட்டனவேனும் அத்தளர்ச்சி நீடிக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் சுவர் முன்னினும் உயர்ந்தது.

நன்மை இங்ஙனம் காலம் தாழ்த்தது. தீமையோ உடனே வந்தது. ஒரு நாடு அயல்நாட்டார்க்கு 100 டாலர் கடன்பட்டிருந்தால், முதல்நாள் 476 ரூபாயாக இருந்த கடன் மறுநாள் 750 ரூபாயாகும். எண்ணெயும் உரமும் பொறியும் விலையேறின. மக்கள் வறட்சியால் வந்த விலையேற்றத்தையும் ரூபாயின்மீதே ஏற்றிப் பழித்தனர். அன்றுமுதல் மதிப்புக் குறைப்பு என்னும் சொல்லே அரசியலார்க்கு அச்சம் தருவதாயிற்று.

மூன்றாவது, 1991-ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆகஸ்டில் ஈராக்கு குவைத்தைக் கைப்பற்றியதனால் எண்ணெய் விலை ஏறிற்று. வளைகுடா நாடுகளில் உழைத்த நம்மவர் அனுப்பும் பணமும் குறைந்தது. நாட்டின் அயல்நாணயச் சேமிப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமான அளவிற்குச் சுருங்கிற்று. ஏறக்குறைய 47 டன் பொன்னை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைத்துக் கடன் பெற்றனர். தாலிக்கொடியை அடகு வைத்து அரிசி வாங்கும் குடும்பத்தின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். நரசிம்ம ராவ் பிரதமராகவும் மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் இருந்த அரசாங்கம் ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு ஏறக்குறைய 21 ரூபாயாக இருந்தது 26 ரூபாய்க்கு அணித்தாயிற்று.

ஆயின் இம்முறை மருந்து தனியே கொடுக்கப்படவில்லை. இறக்குமதி உரிமங்கள் பல ஒழிக்கப்பட்டன. அதுகாறும் 300 விழுக்காட்டிற்கு மேலும் சென்ற உச்ச சுங்க வரி, அவ்வாண்டு ஜூலை 24-இல் வெளியிட்ட வரவுசெலவுத் திட்டத்தில் 150 விழுக்காடாக வரையறுக்கப்பட்டது. 1995-இல் 50 விழுக்காடாயிற்று. 1993 முதல் ரூபாயின் மாற்று வீதத்தைச் சந்தையே வகுத்தது. முதலாண்டில் ஏற்றுமதி டாலர்க் கணக்கில் பெருகவில்லை, சிறிது குறைந்தது. அன்று அதனைக் கண்டோர் 1966 மீண்டும் வந்தது என்றே எண்ணியிருப்பர். ஆயின் 1993-94 தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்னும் வீதத்தில் ஏற்றுமதி வளர்ந்தது. விதைத்த மறுநாளே கதிர் அறுப்பார் இல்லை. அயல்நாட்டில் புதிய வாடிக்கை தேடவும், புதிய பொறி நிறுவவும், தொழிலாளரைப் பயிற்றவும் காலம் வேண்டும் அன்றோ!

இம்மூன்றையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நாணய மதிப்புக் குறைப்பு செல்வத்தைப் படைப்பதன்று. செல்வம் படைப்பதற்குரிய வாயிலைத் திறப்பது மட்டுமே. அவ்வாயிலின் வழியே கொண்டுசெல்லப் பொருள் இல்லையாயினும், வாயிலுக்கு நேரே சுங்கச்சுவர் நிற்பினும், திறந்ததனால் வரும் பயன் சிறிது, வருத்தம் பெரிது. 1966-இல் வாயில் திறந்தது, சுவர் நின்றது. 1991-இல் வாயிலும் திறந்தது, சுவரும் தாழ்ந்தது.

சுவர் பிறர் எழுப்புவதாகவும் இருக்கலாம். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-இல் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. திருப்பூரின் பின்னலாடை வாணிகம் பெரிதும் கலங்கிற்று. அம்மாதம் 19-ஆம் நாள்முதல் ஆண்டிறுதிவரை, பருத்தி இறக்குமதியின்மீது தான் விதித்திருந்த 11 விழுக்காடு வரியை இந்திய அரசாங்கம் நீக்கிவைத்தது. நூற்பாலையும் ஆடைத்தொழிலும் இடருற்றபோது முதலில் செய்யத்தக்கது தன் சொந்தச் சுவரை இடித்தல் என்று அரசாங்கமே கண்டது. இறக்குமதி வரி ஏற்றுமதிக்குச் சுமையாகும் என்று மேலே கூறியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி, பொருள்நூல்களில் பலகால் ஒரு வரியில் கூறிவிடும் செய்தி ஒன்றை நாம் விரித்து எண்ணுதல் வேண்டும். இச்சுமையைச் சுமப்பவர் யாவர்? மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதியாளன் பெறும் ஊதியம் துறைமுகத்துக் கணக்கில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் உரத்திற்கும் மிகுதியாகக் கொடுப்பவர் நட்டமோ நாடெங்கும் வீடுதோறும் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடப்பதனால் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. சுங்க வரியும் அவ்வாறே. காப்பு வரியால் உயிர்பெற்ற ஆலையின் புகைபோக்கியை நாம் காண்கின்றோம்; அவ்வரியால் விலையேறிய இரும்பை வாங்க இயலாது மூடிய கொல்லன் பட்டறையைக் காண்பதில்லை. மாதக் கூலியும் ஓய்வூதியமும் பெறுவோர், விலையேறிய அன்றே தம் வருவாயை உயர்த்திக்கொள்ள இயலாதவர். ஆதலின் இத்தகைய மருந்தை மேற்கொள்ளும் அரசு, எளியோர் உணவுக்கும் வேலைக்கும் உரிய ஏற்பாட்டையும் உடன்செய்தல் கடமையாம். அது செய்யாக்கால், நாட்டின் கணக்குப் புத்தகம் நேராகும். நாட்டு மக்களின் அடுப்பு அணையும்.

மானம் பற்றிய வினாவும் ஒன்று உளது. ரூபாயின் மதிப்பு குறைந்தால் நாட்டின் மதிப்பே குறைந்தது என்று நாம் எளிதில் வருந்துகின்றோம். நாணயத்தின் மாற்று வீதம் ஓர் அளவுகோல். அளவுகோலை நீட்டுவதனால் துணி குறைவதுமில்லை, சுருக்குவதனால் துணி வளர்வதுமில்லை. ஒரு நாட்டின் மானம், அதன் உழவரும் தொழிலாளரும் ஆக்கும் பொருளின் தரத்திலும், பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாணயத்திலும் அடங்கியுள்ளது. தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிக்கின்றது. முன்னையதன் மதிப்பு சந்தையில் ஏறலாம், இறங்கலாம். பின்னையது குறையாதிருத்தலே நாம் கவலைகொள்ள வேண்டுவது.

படிப்பறையில் எம்மை வினவிய நண்பர்க்கு இப்பொழுது விடை கூறுகின்றோம். ரூபாய் வீழ்தல் தனியே நன்றுமன்று, தீதுமன்று. அச்செய்தியைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். மலிந்த விலைக்கு விற்க நம்மிடம் பொருள் உளதா? அப்பொருளை ஆக்க வேண்டும் கருவிகள் சுங்கச்சுவரைக் கடந்து வருகின்றனவா? இடைக்காலத்துத் துன்பத்தை யார் தோளில் ஏற்றியிருக்கின்றனர்? இம்மூன்றினுள் முன்னைய இரண்டையும் வாணிகரும் அமைச்சரும் தவறாது கேட்பர். மூன்றாவதைக் கேட்பார் சிலரே. கல்வி பெறும் வாய்ப்பைப் பெற்ற நாமேனும் அதனைக் கேட்கப் பழகுவோமாக.